ஊசித்துளை

ஆசாரிப்பள்ளம் ஏற்றத்தில்தான் மடங்கும் வண்டி.
முட்டத்திலிருந்து அதுவரை ஒழுங்கு.
நைட் டியூட்டிக்கு நேரமாகும்போது
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
"பின்னால யாரோ பிடிச்சு வலிக்குத மாதிரி இருக்கு"
என்றார் ரெக்சலின் சிஸ்டர்,
சாவியை என் மேசையில் வைத்தபடி.

நாகர்கோவிலில் வால்வை மாற்றியிருந்தார்கள்.
இரண்டு தடவை.
பில் இரண்டும் பின் குத்தியபடி உள்ளே கிடந்தன.

ஸ்கேனர் ஒரே வரியில் சொன்னது:
பி, சைபர் சைபர் ஒன்று சைபர்.
கேம்ஷாஃப்டைத் திருப்பும் சுற்றில் கரண்டு சரியில்லை.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்,
வயிற்றுவலி என்று மட்டும் சொல்லும் பிள்ளைபோல.

கட்டைவிரல் அளவுதான் அந்த வால்வு.
எண்ணெயை இந்தப் பக்கம் விடவா, அந்தப் பக்கமா என்று
முடிவெடுப்பது அது.
எஞ்சின் மூச்சை முந்தி இழுக்கும், அல்லது பிந்தி.
கரண்டு வராவிட்டால்
ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே மூச்சு.

சாக்கெட்டைக் கழற்றி ஓம் பார்த்தேன். ஏழு.
நல்ல வால்வு.
பழையவையும் நல்லவையாகவே இருந்திருக்கும்,
ஆக்கர் கடைக்குப் போயாயிற்று.
வயரில் மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு.
அதையும் நம்பத்தான் இருந்தேன்.
டீ வந்தது. குடித்தேன்.

மீட்டருக்கு ஒரு துளி கரண்டு போதும்.
வெறுங்கை வீசி நடப்பவனைப் பார்த்து
பலசாலி என்று எழுதிக்கொள்ளும்.
சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும்.
ஒரு ஹெட்லைட் பல்பை அதே வயரில் மாட்டினேன்.
பீடிக் கங்கு அளவுக்குச் சிவந்தது.
பன்னிரண்டு
நாலுக்கு இறங்கிற்று.

பேட்டரியை இறக்கினேன். தட்டைக் கழற்றினேன்.
வயர்க்கட்டு அங்கே வளைகிறது,
கடல்காற்றின் ஈரம் தங்கும் இடம்.
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் டேப்.
நீல டேப்.

கம்பெனி சுற்றுவது கறுப்பு.
நானும் கறுப்புதான்.
கறுப்பு தீர்ந்துபோன ஒரே நாளில் மட்டும்
நீலம் சுற்றினேன்.
போன வருஷத்துக்கு முந்தின பெரிய வெள்ளி,
திங்கள்சந்தையில் எல்லாக் கடையும் பூட்டு.
ஸ்டார்ட் ஆகாமல் கயிறு கட்டி வந்தது இதே வண்டி.
கரண்டு எதுவரை வருகிறது என்று பார்க்க
வயரின் தோலில் ஊசி குத்தினேன்.
வருகிறது. உருவிவிட்டு அடுத்த வயர்.
கோளாறு வேறிடத்தில், ஒரு ரிலே.
அரைமணி நேர வேலை.
காசும் வாங்கினேன்.

நீலத்தை உரித்தேன்.
சிவப்பு வயரில் சிறு வீக்கம்.
நகத்தால் கீறினால் பச்சை மாவு.
இரண்டே இழை மிச்சம்.
வீக்கத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி:
என் ஊசி போன வழி.
உப்பும் அதே வழியாகத்தான்.

செம்பு செம்பாகத் தெரியும்வரை வெட்டினேன்.
புது வயர், ஈயம், சூட்டில் சுருங்கும் குழாய்.
இப்போது பல்பைப் பார்க்கக் கண் கூசிற்று.

சாயங்காலம் அவர் வந்தார்.
எலி என்று சொல்லலாம்.
எலியை யாரும் விசாரிப்பதில்லை.
வெட்டிய துண்டைக் கையில் கொடுத்தேன்.
"இந்த ஓட்டை நான் போட்டது."
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்,
கையில் நரம்பு தேடுகிற அதே பார்வை.
"ஊசிய எடுத்தா பஞ்சு வச்சு அமுக்காண்டாமா?"
கோபமா என்று தெரியவில்லை.
கூலி வேண்டாமென்றேன்.
வயருக்காவது இருக்கட்டும் என்று
இருநூறு வைத்துவிட்டு ஏறினார்.
பத்து மணிக்கு ஒரு மெசேஜ்:
ஏற்றம் ஏறியாச்சு.

நான் தூங்கவில்லை.
குறும்பனை, கடியப்பட்டணம், குளச்சல்,
எத்தனை வண்டிகளில் என் புள்ளிகள்,
எவையெல்லாம் இந்நேரம் பச்சை.

காலையில் எதிர்க்கடையில் நகப்பூச்சு கேட்டேன்.
குத்திய துளையில் ஒரு பொட்டு வைத்தால்
காற்று புகாது.
எந்தக் கலர் என்றாள் விஜிலா.
எதுவானாலும்.
"வீட்டுல கல்யாணமா அண்ணே?"
வயருக்கு என்றேன்.
சிரித்துக்கொண்டே
ரோஸ் எடுத்துத் தந்தாள்.